‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்று ஒரு மரம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் அண்மையில் வெளியான கோயில் திருப்பணிச் செய்தியில், கருவறையின் புதிய நிலைக்கதவு ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ மரத்தால் செய்யப்பட்டது என்று எழுதப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாற்பது ஆண்டுகள் தச்சுப் பட்டறையில் உழைத்தவன் என்ற முறையில், அந்தப் பெயரைப் பற்றிச் சிலவற்றைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்படி ஒரு தனி மரம் கிடையாது. ஈரோக்கோ, அஃப்ரோமோசியா, சாம்பேசித் தேக்கு, கியாட் ஆகிய நான்குமே கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். இவற்றில் ஒன்றுகூடத் தேக்கின் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஈரோக்கோ நம் ஆல், பலா மரங்களின் இனம். அடிமரத்துக்குள் சில இடங்களில் சுண்ணாம்பு கல்லாக இறுகிக் கிடக்கும், அதில் பட்டால் ரம்பத்தின் பல் மழுங்கிவிடும். சாம்பேசித் தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ளது. தண்டவாளக் கட்டைக்கும் தரைக்கும் அது சிறந்தது. தினமும் திறந்து மூடும் கதவுக்கு அந்தக் கனம் கீலைத் தளர்த்திவிடும். ஆகவே பெயர் தெரியாமல் மரம் வாங்குவது, நோய் தெரியாமல் மருந்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

இந்த நான்கில் நம்மவர் வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்குவது கியாட். என் தலைமுறையினர் பலருடைய வீட்டில் உணவு மேசையும் அலமாரியும் இந்த மரத்தில்தான் இருந்தன. தாவரவியலார் இதை டெரோகார்ப்பஸ் அங்கோலென்சிஸ் என்பர். சூலு மொழியில் உம்வங்காசி, சிம்பாப்வேயில் முக்வா, மொசாம்பிக்கில் உம்பிலா, தான்சானியாவில் ம்னிங்கா. ‘கியாட்’ என்ற ஆஃப்ரிகான்ஸ் (டச்சிலிருந்து இங்கு உருவான மொழி) சொல்லே, தேக்கைக் குறிக்கும் ‘காயு ஜாதி’ என்ற மலாய்ச் சொல் டச்சுக்காரர் வாயில் திரிந்து வந்தது. இந்தப் பெயர்க் குழப்பம் அவ்வளவு பழையது.

நமக்கு இது அந்நிய மரமும் அல்ல. நம் வேங்கையும் செஞ்சந்தனமும் இதே டெரோகார்ப்பஸ் இனத்தைச் சேர்ந்தவை. பட்டையைக் கீறினால் இரத்தம்போல் சிவந்த பால் வடியும். தமிழ்நாட்டில் குழந்தைக்கு வேங்கைப் பாலில் பொட்டு வைப்பதுபோல், இங்கு ஆப்பிரிக்க மக்கள் கியாட் பாலைச் சாயத்துக்கும் மருந்துக்கும் பயன்படுத்துகிறார்கள். வேங்கையைப் போலவே பூவும் பொன்னிறம்.

தச்சனுக்கு இம்மரத்தின் பெருமை அதன் அடக்கம். காயும்போது தேக்கைவிடக் குறைவாகவே சுருங்கும். மெல்லக் காய்ந்தாலும் முறுக்கிக்கொள்ளாது, அதிகம் வெடிக்காது. டர்பனின் கோடையில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும். இங்கே செய்த மேசையை ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்துக்குக் கொண்டுபோனால் வேறு மரங்களில் இணைப்புகள் வாய் பிளப்பதைக் கண்டிருக்கிறேன், கியாட்டில் அது அரிது. எடை கன மீட்டருக்கு 600 முதல் 650 கிலோ வரை இருக்கும். உளிக்கும் இழைப்புளிக்கும் நன்றாக இணங்கும், ஆனால் வரி பின்னிக் கிடக்கும் இடத்தில் அவசரப்பட்டால் செதில் பெயரும். அறுக்கும்போது மணம் இனிமையாக இருக்கும். அந்தத் தூள் மூக்கையும் மார்பையும் உறுத்தக்கூடியது என்பதால் முகமூடி இல்லாமல் எவரும் அறுக்கக் கூடாது. இதை இளம் தச்சர்களுக்கு வற்புறுத்திச் சொல்கிறேன்.

கறையானுக்கும் உளுப்புக்கும் தாங்குவது சிவந்த பழுப்பு நிறமான வைரப்பகுதி மட்டுமே. அதைச் சுற்றியுள்ள வெளுத்த ஓரக்கட்டை அகலமானது, பூச்சிக்கு எளிதில் இரையாவது. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதிக் கோயில் ஒன்றில், ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்று சொல்லி விற்கப்பட்ட பலகையால் செய்த கதவின் அடியில் மாவுபோல் தூள் கொட்டுகிறது என்று என்னை அழைத்தார்கள். மேல்பூச்சைச் சுரண்டியதும் உண்மை தெரிந்தது: மரம் கியாட்தான், ஆனால் ஓரங்களில் மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளைக்கட்டையை விட்டு, நிறம் பூசி மறைத்திருந்தார்கள். வைரப்பகுதியில் ஒரு துளைகூட இல்லை. மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணம் அப்படி வீணானது இன்றும் என் மனத்தை வருத்துகிறது.

பெயரைக் கேட்டு வாங்க வேண்டியதற்குச் சட்டமும் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவில் கியாட் 1998ஆம் ஆண்டு தேசியக் காடுகள் சட்டத்தின்படி காக்கப்படும் மரம். உரிமம் இல்லாமல் இங்கு வளர்வதை வெட்டவோ விற்கவோ கூடாது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மாநாடு, ஆப்பிரிக்காவின் டெரோகார்ப்பஸ் மரங்கள் அனைத்தையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. எனவே வெளிநாட்டிலிருந்து வரும் கட்டைக்கும் பலகைக்கும் அனுமதிச் சான்று வேண்டும். அஃப்ரோமோசியா 1992 முதலே அந்தப் பட்டியலில் உள்ளது. இந்தக் கட்டுப்பாடுகளை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். கியாட் கன்று முதல் பல ஆண்டுகள் மேலே வளர்ந்த தண்டைக் காட்டுத்தீக்கும் வறட்சிக்கும் பலிகொடுத்து, வேரை மட்டும் பெருக்கிக்கொண்டிருக்கும்; பிறகுதான் நிமிரும். அறுக்கத் தகுந்த பருமன் வர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் செல்லும். நட்டு வளர்ப்பதும் எளிதில் கைகூடுவதில்லை.

ஆகவே திருப்பணிக் குழுவினர் விலைப்பட்டியலில் மரத்தின் தாவரவியல் பெயரை எழுதித் தரும்படி வணிகரிடம் கேட்க வேண்டும். இறக்குமதி மரமானால் சான்றின் நகலையும், பூச்சுப் பூசாத பலகையையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். தங்கள் இதழும் இனி இத்தகைய செய்திகளில் எந்த மரம் என்று கேட்டறிந்து வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.