டீலோஸுக்கு முதல் நாளே போய்விடு

கண்ணு,

கிரீஸில் மிகோனோஸ் தீவில் நான்கு நாள் தங்குகிறாய், நல்லது. ஆனால் பக்கத்தில் பழங்கால இடிபாடுகள் நிறைந்த டீலோஸ் தீவைக் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறாயே, அதை மட்டும் மாற்று. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று நாள்கணக்கில் வீசும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் சுள்ளென்று அடிக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும். காற்று வலுத்தால் படகு விடமாட்டார்கள். முதல் நாள் போக முடியாவிட்டால் இன்னும் மூன்று நாள் கையில் இருக்கும். கடைசி நாளில் அது கிடையாது.

மெல்டெமி பிற்பகலில்தான் பலக்கும். அதனால் காலையின் முதல் படகைப் பிடி. படகு, ஊருக்குள் இருக்கும் பழைய துறைமுகத்திலிருந்து கிளம்பும். ஏதென்ஸ் கப்பல்கள் வருவது வடக்கே தூர்லோஸில் உள்ள புதுத் துறைமுகத்துக்கு; அங்கே போய் நின்றுவிடாதே. பயணம் அரை மணி நேரம்தான், ஆனால் சின்னப் படகு ஆடும். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள். படகுக் கட்டணம் வேறு, தீவின் நுழைவுச் சீட்டு வேறு.

டீலோஸ் ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள வெறும் பாறை. நிழல் இல்லை என்றே வைத்துக்கொள். ஒன்றரை லிட்டர் தண்ணீராவது எடுத்துப் போ. குடை காற்றில் நிற்காது. தாடைக்கடியில் நாடா கட்டும் தொப்பி வேண்டும். பளிங்குக் கற்கள் தேய்ந்து வழுக்கும், ரப்பர் அடி வைத்த ஷூ போடு.

இறங்கியதும் வலப்பக்கம் திரும்பு. வெயில் ஏறுவதற்குள் கிந்தோஸ் குன்றை முடித்துவிடலாம். போகும் வழியில் பழைய வீடுகள் வரும். கிரேக்க மதுக் கடவுள் டயோனிசஸின் பெயரால் அழைக்கப்படும் வீட்டில், புலிமேல் அமர்ந்த இறக்கை முளைத்த உருவத்தை மொசைக்கில் பார். அந்த முற்றங்களுக்குக் கீழே மழைநீர்த் தொட்டிகள் இருக்கின்றன. அரங்கத்தின் தண்ணீர்கூட வீணாகாமல் அருகிலுள்ள பெரிய தொட்டிக்குப் போனது. அதன் கல் வளைவுகள் இன்னும் நிற்கின்றன. அங்கே நின்று நிதானமாகப் பார். ஊற்று வளம் குறைந்த பாறையில் ஒரு நகரமே எப்படிப் பிழைத்தது என்பது அதைப் பார்த்தால்தான் விளங்கும்.

குன்றின் உயரம் சுமார் 112 மீட்டர், படிகள் உண்டு. உச்சியில் காற்று ஆளைத் தள்ளும், விளிம்புக்குப் போகாதே. சுற்றிலும் தீவுகள் வட்டமாகத் தெரியும். இந்தத் தீவுக்கூட்டத்துக்குச் சிக்லாடீஸ் என்ற பெயரே அந்த வட்டத்தால் வந்தது. மேற்கே மிக அருகில் இருப்பது ரினியா. கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் டீலோஸின் கல்லறைகளையெல்லாம் தோண்டி அங்கே மாற்றினார்கள். கிரேக்கக் கடவுள் அப்பல்லோ பிறந்த இடத்தில் இனி யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று விதித்தார்கள்.

இறங்கி வடக்கே நடந்தால் சிங்கச் சிலைகள். வெளியே நிற்பவை நகல்கள். நக்சோஸ் பளிங்கில் செய்த அசல்களைக் காற்றும் உப்பும் அரிக்காமல் அருங்காட்சியகத்துக்குள்ளே வைத்திருக்கிறார்கள். எதிரே ஒற்றைப் பேரீச்சை நிற்கும் பள்ளம்தான் புனித ஏரி. மலேரியாவுக்குப் பயந்து 1920-களில் அதை வற்றடித்துவிட்டார்கள்.

நான்கு மணி நேரம் ஒதுக்கு. இறங்கும்போதே கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு, இருபது நிமிடம் முன்னதாகவே துறைக்கு வந்துவிடு. பயணிகள் யாரும் இரவு தங்க அனுமதி இல்லை. மிகோனோஸில் இறங்கியதும் ஒரு வரி அனுப்பு.

அம்மா