கயிறு தேடியே கழிந்த ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

நம் பின்னல் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நாம் பின்னியதைவிடக் கயிறு தேடி அலைந்ததுதான் அதிகம், அதனால் என் அறிக்கையும் கயிற்றைப் பற்றித்தான்.

பழைய குரோஷா (கொக்கி ஊசியால் பின்னும்) பை மாதிரி ஒன்றை எல்லோரும் சேர்ந்து பின்னலாம் என்று முடிவு செய்தோம், அதன் குறிப்பில் ‘3 மி.மீ. நைலான் கயிறு’ என்று மட்டும் இருந்தது. நூல் கடைகளில் கேட்டால் கம்பளி நூலையும் பருத்தி நூலையும் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் ஹார்டுவேர் கடையில் ‘நைலான்’ என்று சீட்டு ஒட்டிய பெரிய உருளை ஒன்று கிடைக்க, யோசிக்காமல் முழுதாக வாங்கி வந்தவன் நான்தான். கையில் எடுத்தால் விறைப்பாக இருந்தது, கண்ணி இறுக்கமாக விழவில்லை, சங்கத்தின் 6 மி.மீ. பிளாஸ்டிக் ஊசிகளில் இரண்டு ஒடிந்தன.

சந்தேகப்பட்ட ஓர் உறுப்பினர் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார். மிதந்தது. பின்னல் கயிறு என்றால் உள்ளே காற்று இருக்குமே என்று தண்ணீருக்குள் வைத்தே நன்றாகப் பிசைந்துவிட்டார், அப்போதும் மேலேதான் வந்தது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் நைலானுக்கு 1.14, அது மூழ்க வேண்டும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு 0.9தான், நம் கயிறு அதுவாகத்தான் இருக்க வேண்டும். 1935-ல் ட்யூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் குழு உருவாக்கிய ஒரு குறிப்பிட்ட பொருளின் பெயர் நைலான், ஆனால் பளபளப்பான கயிறு எதுவானாலும் நைலான் என்று சொல்லிப் பழகிவிட்டோம், கடைக்காரரும் நம்மைப் போலத்தான். ஒன்று மட்டும் கவனம்: பாலியஸ்டரும் மூழ்கும், எனவே மூழ்கியதெல்லாம் நைலான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இந்தக் கூத்துக்குப் பிறகுதான் உருப்படியாக யோசித்தோம். நைலான் எங்கே கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், பின்னப் போகும் பொருள் வெயிலில் கிடக்குமா, நனையுமா, எவ்வளவு கனம் தாங்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். நைலான் வலுவானதுதான், ஆனால் இழுத்தால் நீளும், கொஞ்சம் தண்ணீரையும் உறிஞ்சும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். தினமும் வெளியே கொண்டுபோகும் பைக்கு என் ஓட்டு பாலியஸ்டர் பின்னல் கயிற்றுக்கே, நைலானே வேண்டும் என்று இன்னும் வாதாடுபவர்கள் மன்னிக்கவும். பாராகார்ட் (உள்ளே இழைகளும் வெளியே பின்னல் உறையும் உள்ள பாராசூட் கயிறு) கிடைத்தால் உள்ளே இருக்கும் இழைகளை உருவிவிட்டு வெளி உறையை மட்டும் பின்னிப் பாருங்கள், தட்டையாகி ஊசிக்கு நன்றாக வளைந்து கொடுக்கிறது.

பருத்தி மேக்ரமே (முடிச்சுப் போட்டுச் செய்யும் கைவேலை) நூல் கைக்கு இதம், ஆனால் பை கனக்கும், காய நேரம் பிடிக்கும். முறுக்கு நூலாக இருந்தால் ஊசி நுனி இழைகளைப் பிளந்துகொண்டு போகும், பின்னல் வகையே வாங்குங்கள். சணல் கையை அறுக்கும், நனையும் இடத்துக்கு ஆகாது.

செலவில்லாத வழி பழைய டி-ஷர்ட். அக்குளுக்குக் கீழே இருக்கும் உடல் பகுதியை மட்டும் எடுத்து, 2 செ.மீ. அகலத்தில் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டி இழுத்தால் ஓரங்கள் தானாகச் சுருண்டு நூலாகிவிடும். பக்கத்தில் தையல் இல்லாத டி-ஷர்ட் என்றால் நடுவில் முடிச்சு போல் தடிக்காது. மிதியடிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

எதை வாங்கினாலும் முதலில் 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, கனமான பொருள் எதையாவது மாட்டி ஓர் இரவு தொங்கவிடுங்கள், கைப்பிடி எவ்வளவு தொய்யும் என்பது காலையில் தெரிந்துவிடும். உருளையில் நீளம் போட்டிருக்காவிட்டால் 10 மீட்டரை எடை போட்டு, மொத்த எடையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நைலான், பாலியஸ்டர் முனைகளை லைட்டரில் காட்டி உருக்கினால் பிரியாது. ஆனால் உருகிய சொட்டைக் கையால் நசுக்காதீர்கள், ஒட்டிக்கொண்டு சுடும், என் கட்டைவிரல் சாட்சி. அதை மட்டும் நம்பாமல் முனையை நாலைந்து கண்ணிக்குள் செருகியும் விடுங்கள். பருத்தி உருகாது, எரியும்.

அப்புறம், அந்தப் பாலிப்ரொப்பிலீன் உருளை பாதிக்கு மேல் அலமாரியில் அப்படியே இருக்கிறது. தண்ணீர் உறிஞ்சாது என்பதால் குளியலறைக் கூடைக்குச் சரியாக வரும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். 8 மி.மீ. ஊசியை எடுத்துப் போனவர் யார் என்று எனக்குத் தெரியும், அடுத்த கூட்டத்துக்குள் அலமாரிக்கு வந்துவிட்டால் பெயரைச் சொல்ல மாட்டேன்.

செயலாளர்