டிசம்பர் வேணாம், மே மாதம் வாங்க

மகள்,

நீ அனுப்பின பயணத் திட்டத்தைப் பார்த்தேன். எட்டு நாளுக்குள் கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, பாசிக்குடா, அறுகம்பே எல்லாம் இருக்கு. சென்னையில் இருந்து படத்தைப் பார்த்தால் இலங்கைத் தீவு கையளவுதான். ரோட்டில் இறங்கினால் எல்லவில் இருந்து பாசிக்குடாவுக்கு மட்டும் ஒரு பகல் போயிரும். சம்பந்தி வீட்டார் முதல் தரம் வாறாங்க, வயசான ரெண்டு பேரும் கூட. மலைநாட்டையும் காலியையும் இன்னொரு முறைக்கு வை. பாசிக்குடாவுக்காக மட்டக்களப்பில் மூணு இரவு, அறுகம்பே இருக்கிற பொத்துவில் பக்கம் மூணு இரவு, விமானத்துக்காகக் கொழும்பில் முன்னும் பின்னும் ஒவ்வொரு இரவு. நாளுக்கொரு ஹோட்டல் மாறினால் பெட்டி கட்டுறதுதான் பயணமாகும்.

டிசம்பர் வேணவே வேணாம். நவம்பர் தொடங்கி ஜனவரி வரைக்கும் இங்க வாடை மழை. பாசிக்குடாக் கடல் கலங்கிக் கிடக்கும், அறுகம்பேயில் பாதிக் கடை பூட்டு. அந்த மாதங்களில் ஹோட்டல் விலை இறங்கிறது அதுக்காகத்தான், சலுகை என்று நினைக்காதே. 1978 நவம்பர் 23 புயல் மட்டக்களப்பை அடிச்சதும் இந்தப் பருவத்தில்தான். உங்கட பள்ளி விடுமுறை மே மாதம். எங்கட கடல் அப்பதான் கண்ணாடி மாதிரி இருக்கும்.

மேயில் ஒரு சிக்கல் உண்டு. புத்தருக்கான வெசாக் பௌர்ணமி. மட்டக்களப்பு வாவிக்குள் மீன் பாடுது என்று சொல்ற ஒலியைக் கேட்க முழுநிலவு வேணும், ஆனால் போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளில் மது விற்கமாட்டாங்க, இறைச்சிக் கடையும் பூட்டு. தொடர் விடுமுறை என்று கோச்சியும் (ரயில்) நிரம்பி வழியும். ஆகவே பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முந்தியே மட்டக்களப்புக்கு வந்திருங்க.

கோச்சி என்றால் கொழும்புக் கோட்டை நிலையத்தில் வெள்ளண ஆறு மணியளவில் வெளிக்கிடுற உதயதேவி. இரவுக் கோச்சியும் இருக்கு, ஆனால் மகாவலிப் பாலத்தைப் பகலில் தாண்ட வேணும். மன்னம்பிட்டியில் அதைத் தாண்டினதும் வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை என்று ஊரின் முகமே மாறும். ஹபரணை, கல்ஓயாப் பக்கம் யானை தண்டவாளத்துக்கு வாறதால் வேகத்தைக் குறைப்பாங்க. ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலம் பிந்துறது சாதாரணம். திரும்பிப் போற அன்றைக்கே விமானம் போடாதே என்று சொல்றது இதுக்குத்தான்.

இனி மீன் பாட்டு. கல்லடிப் பழைய பாலத்தடியில், இரவு பத்துக்குப் பிறகு, ரோட்டுச் சத்தம் அடங்கினால்தான் சரி. இயந்திரப் படகு வேணாம், தோணி பிடி. தோணியை அசையாமல் நிறுத்தச் சொல்லி, சவளின் (துடுப்பின்) அகன்ற நுனியைத் தண்ணிக்குள் விட்டு, மற்ற நுனியைக் காதுக்கு முன்னால இருக்கிற எலும்பில் அழுத்திப் பிடிக்க வேணும். காதுத் துவாரத்துக்கு நேரே பிடிச்சால் காற்றுச் சத்தம்தான் கேட்கும், அங்கதான் எல்லாரும் பிழை விடுறது. வீணையின் தடிச்ச தந்தியை ஒருக்கால் தட்டி விட்ட மாதிரி, விட்டு விட்டு வரும். ஊரி என்ற சிப்பிதான் பாடுது என்பாங்க பழைய ஆட்கள். காற்றடிச்சு வாவி சிலும்பினால் ஒண்டும் கேளாது. மாரித் தண்ணி நிறைஞ்ச காலத்திலும் கேளாது. ஒரு இரவு தவறினால் அடுத்த இரவு போங்க, மூணு இரவு என்றதும் அதுக்கும் சேர்த்துத்தான். பாதுகாப்பு அங்கி இல்லாத தோணியில் பிள்ளைகளை ஏத்தாதே.

பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணியில் கன தூரம் நடக்கலாம், வயசானவங்களுக்கும் பயமில்லை. கல்லடிக் கடல் அப்படியில்லை, இழுவை கூட. காலை நனைச்சிட்டு வந்திருங்க. கச்சான் என்ற சூட்டுக் காற்றுத் தொடங்கினால் பதினொரு மணிக்கு மேல் மணல் சுடும், குளிக்கிறதை வெள்ளண முடிச்சிருங்க.

பொத்துவிலுக்குப் போற நாள் வெள்ளிக்கிழமையாக வேணாம். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று எல்லாம் ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டு, பகல் சாப்பாட்டுக்கு அலைய வேணும். வழியில் மருதமுனையில் இறங்கிக் கைத்தறிச் சாரம், சேலை பார்க்கலாம். சம்பந்தி அம்மாவுக்குப் பிடிக்கும்.

அறுகம்பேயில் மருமகன் அலைப்பலகை ஏறப் பார்ப்பார். பெரிய முனைக்கு விடாதே, அடியில் முருகைக்கல், விழுந்தால் தோல் உரியும். பழகுறவங்களுக்குச் சின்ன முனைதான், அடி மணல். குமணைப் பறவைக் காட்டுக்குப் போறதென்றால் விடியமுன் ஜீப்பில் பாணமை தாண்டி உகந்தை வாசலில் நிற்க வேணும். வில் என்ற சதுப்புக் குளத்தில் பறவை கூடு கட்டுற காலம் அது. வெயில் ஏறினால் எல்லாம் நிழலுக்குள் போயிரும். திரும்பி வரேக்க உகந்தை முருகனைக் கும்பிடலாம். லகுகலைப் பக்கம் பொழுதுபட்டால் வாகனம் எடுக்க வேணாம், யானை ரோட்டில் நிற்கும்.

தயிர்ச் சட்டியைச் சென்னைக்குக் கொண்டு போற ஆசை எல்லாருக்கும் வரும். கைப்பையில் விடமாட்டாங்க, பெட்டியில் வைச்சால் உடைஞ்சு உடுப்பெல்லாம் தயிர். எருமைத் தயிரையும் கித்துள் பாணி என்ற இனிப்புப் பாகையும் இங்கயே வயிறு நிறையச் சாப்பிடுங்க. கொண்டு போக முந்திரிப்பருப்பு போதும்.

ஈடிஏயை (இணையவழிப் பயண அனுமதி) அரசாங்கத் தளத்தில் மட்டும் போடு. அதே மாதிரித் தோற்றத்தில் வேறு தளங்கள் கூடக் காசு எடுக்கும். சம்பந்தியின் பேரை முதலெழுத்தோடு எழுதாதே, கடவுச்சீட்டில் விரிச்சு எழுதியிருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேணும். சதுரக்கால் பிளக் மாற்றி (அடாப்டர்) ஒண்டு வாங்கி வா. கோச்சி ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன்னம் திறக்கும். நாளையும் எத்தனை பேர் என்றதையும் கெதியாய்ச் சொல்லு.

அப்பா
மட்டக்களப்பு