மல்லாவிக் கடைக் கணினிக்கு எந்த பிரவுசர்?

கிளிநொச்சி

அன்பின் தோழிக்கு,

நான் நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சோதனைத் தாள்கள் குவிந்து கிடக்கின்றன. அதற்குள்ளேதான் இதை எழுதுகிறேன். நீ மல்லாவியில் கொமினிகேஷன் கடை திறந்துவிட்டாய் என்று உன் கடிதத்தில் வாசித்தபோது சந்தோஷம் தாங்கவில்லை. ரீலோடுக்கும் போட்டோக் கொப்பிக்கும் மட்டுமல்ல, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பவும் ஊர்ச் சனம் உன்னிடம்தான் வரப்போகிறது.

கணினிக்கு எந்த பிரவுசர் நல்லது, எல்லாம் ஒன்றுதானே என்று கேட்டிருந்தாய். ஒன்றல்ல. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஆறுதலாக வாசி.

ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் அந்தத் தளம் மட்டும் வருவதில்லை. விளம்பர நிறுவனங்களின் துண்டுகளும் கூடவே வந்து இறங்கும். அதே நிறுவனத்தின் துண்டு சமையல் தளத்திலும் இருக்கும், வேலைவாய்ப்புத் தளத்திலும் இருக்கும். முறிகண்டியிலும் பரந்தனிலும் கரடிப்போக்குச் சந்தியிலும் உள்ள தேநீர்க் கடைகளிலெல்லாம் ஒரே ஆள் ஒரே கொப்பியோடு உட்கார்ந்து, நீ எங்கே வந்தாய், என்ன கேட்டாய் என்று எழுதுவதைப் போன்றது அது. அந்தக் கொப்பிக்குத்தான் மூன்றாம் தரப்பு குக்கி என்று பெயர். அப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020இல் அதை முழுதாகத் தடுத்துவிட்டது. மொசில்லா அமைப்பின் ஃபயர்பாக்ஸ் பிரவுசர் 2022இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனியே பூட்டி வைக்கிறது. குரோமில் அதை நிறுத்தப்போவதாக கூகிள் 2020இல் அறிவித்தது, பல தடவை தள்ளிப் போட்டது, 2024இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் உழைக்கிற நிறுவனத்தின் பிரவுசர் அது. அதிலிருந்தே விளங்கும்.

ஆகவே கடைக் கணினிக்கு ஃபயர்பாக்ஸ் போடு. தமிழ் இடைமுகமும் இருக்கிறது. அமைப்புகளில் 'தனியுரிமையும் பாதுகாப்பும்' என்ற பகுதிக்குப் போய், தடமறிதல் தடுப்பைக் 'கடுமை' என்று மாற்று. எச்டிடிபிஎஸ் மட்டும் என்ற தெரிவையும் போட்டுவிடு, கணினிக்கும் தளத்துக்கும் இடையில் போவதைப் பூட்டி அனுப்பும் முறை அது. தொழினுட்பத் தரவை மொசில்லாவுக்கு அனுப்பும் டிக்குகளை எடுத்துவிடு. இன்னொன்றையும் நீ தெரிந்திருக்க வேண்டும்: மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகிளை முதல் தேடுபொறியாக வைத்திருப்பதற்காக கூகிள் கொடுக்கும் பணம்தான். அப்படியிருந்தும் இன்றைக்கு இருப்பவற்றில் நான் நம்பிக் கைகாட்டுவது இதைத்தான்.

அப்புறம் யூபிளாக் ஒரிஜின் என்ற நீட்சி, அதாவது பிரவுசரோடு சேர்த்துப் போடும், விளம்பரங்களைத் தடுக்கும் சிறு நிரல். ரேமண்ட் ஹில் என்பவர் எழுதியது, இலவசம், நன்கொடைகூட வாங்குவதில்லை. பெயரில் 'ஒரிஜின்' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும், அது இல்லாமல் வருவது வேறு ஆட்களுடையது. குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியதால் முழு வடிவம் அங்கே இப்போது ஓடாது, 'லைட்' என்ற குறைந்த வடிவம்தான் உண்டு. அண்ட்ராய்ட் போனில் குரோமுக்கு நீட்சியே போட முடியாது, ஃபயர்பாக்ஸில் போடலாம். டேட்டா கார்ட் போட்டுப் பார்க்கும் நம் சனத்துக்கு இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. தானாக ஓடும் விளம்பர வீடியோக்கள் பெரும்பாலும் இறங்குவதில்லை, டேட்டாவும் மிஞ்சும், பழைய போனிலும் பக்கம் கெதியாகத் திறக்கும். என் அம்மாவின் போனில் இதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடைக்கு இவற்றையெல்லாம் விட முக்கியமானது, ஒருவர் எழும்பிப் போனபின் அடுத்தவர் அதே கதிரையில் உட்காருவது. ஃபயர்பாக்ஸை 'எப்போதும் தனிப்பட்ட உலாவல்' நிலையில் வை. ஒரு ஆள் போனதும் திறந்திருக்கும் சன்னல்கள் எல்லாவற்றையும் மூடு, வரலாறும் குக்கியும் அதோடு போய்விடும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்பதையும், படிவங்களைத் தானாக நிரப்புவதையும் அடியோடு நிறுத்து. வட்ஸ்அப் வெப் திறந்து பிரின்ட் எடுத்தவர்களிடம், போகும்முன் தங்கள் போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் வெளியேறச் சொல்லு.

இவ்வளவு செய்தாலும் டவுன்லோட் கோப்புறை அப்படியே இருக்கும். நீ சொல்லாவிட்டால் பிரவுசர் அதைத் தொடாது. போன மாதம் இங்கே ஒரு கடையில் பென்ட்ரைவிலிருந்து ஒரு வினாத்தாள் எடுக்கப் போனேன். கோப்புறையைத் திறந்தால் யார் யாருடையதோ அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு பிள்ளையின் மருத்துவ அறிக்கை, கட்டம் போட்ட சேர்ட் போட்ட ஒரு பொடியனின் பழைய படம். அந்தப் படத்தின் கோப்புப் பெயரில் 'காணாமல்' என்று இருந்தது. ஒரு தாய் ஏதோ ஓர் அலுவலகத்துக்கு அனுப்பவென்று ஸ்கான் பண்ணியிருப்பா. அது அங்கே கிடப்பது அவவுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நீ ஒரே ஒரு கோப்புறை வை, பிரவுசரும் ஸ்கானரும் அதில் மட்டும் சேமிக்கட்டும். ஆள் நிற்கும்போதே அழித்துக் காட்டு, இரவு கடை பூட்டும்முன் குப்பைத் தொட்டியையும் காலி செய். 2022இல் இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதுதான். ஆனால் உன் கணினியில் கிடக்கும் பிரதிகளை அழிக்கப்போவது நீ மட்டும்தான்.

குரோமில் உள்ள மறைநிலை என்ற இன்காக்னிட்டோவைக் கனபேர் பெரிய கவசம் என்று நினைக்கிறார்கள். அது கணினியில் வரலாற்றை வைக்காது, அவ்வளவுதான். நீ திறந்த தளத்துக்கு நீ வந்தது தெரியும், இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு எந்தத் தளம் என்பதும் தெரியும். இதைப்பற்றி கூகிள்மேல் அமெரிக்காவில் 2020இல் வழக்குப் போட்டார்கள். 2024 இணக்கத்தில், அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகிள் ஒத்துக்கொண்டது. நான் மேலே சொன்ன தனிப்பட்ட உலாவலுக்கும் இதே எல்லைதான். அது கடைக்கு வருகிறவர்களை அடுத்த வாடிக்கையாளரிடமிருந்து காக்கும். விளம்பரக்காரரைத் தடுப்பது கடுமை நிலையும் யூபிளாக்கும்தான். பேஸ்புக்கில் உள்நுழைந்துவிட்டால் பேஸ்புக்குக்கு நீ யார் என்பது தெரியும், அதை எந்த பிரவுசராலும் மறைக்க முடியாது.

உன் இணைப்பை வேறொருவரின் கணினி வழியாகத் திருப்பி விடும் இலவச விபிஎன் செயலி இருந்தால் அழித்துவிடு. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் தடுத்தபோது தடையைத் தாண்ட எல்லோரும் அவசரத்துக்கு ஏதோ ஒன்றைப் போட்டார்கள், பலரின் போனில் இன்னும் அது கிடக்கிறது. நீ போகிற தளங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும், பலவற்றை நடத்துகிறவர் யாரென்றே தெரியாது. நீ யார், எங்கே இருக்கிறாய் என்பதை மறைக்கும் டோர் பிரவுசர் உண்மையான தேவை உள்ளவர்களுக்கு அருமையான கருவி, ஆனால் மெதுவாகத்தான் ஓடும், அன்றாட அலுவலுக்கு வேண்டாம்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்று நினைப்பாய். 2009க்குப் பிறகு முகாமிலும் மீள்குடியேறிய ஊரிலும் நாம் எத்தனை படிவம் நிரப்பினோம், எத்தனை பேருக்குக் குடும்ப விபரம் சொன்னோம், எத்தனை தடவை படத்துக்கு நின்றோம். ஏன் என்று கேட்கும் நிலையில் நாம் இருக்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடும் பழக்கம் அங்கேயே ஊறிவிட்டது. இன்றைக்குத் திரையில் 'இருப்பிடத்தை அறிய அனுமதிக்கவா', 'அறிவிப்பு அனுப்பவா' என்று வந்தால் பெரியவர்கள் வாசிக்காமலே ஓம் என்று அமத்துகிறார்கள். இங்கே வேண்டாம் என்று சொன்னால் ஒன்றும் நடக்காது, ஒருவரும் வந்து கேட்கவும் மாட்டார்கள். கடைக் கணினியில் அந்த இரண்டு கேள்வியும் வராமலே தடுத்து வைக்கலாம். அனுமதிகள் பகுதியில் 'புதிய கோரிக்கைகளைத் தடு' என்று இருக்கும். ஆனால் தங்கள் போனோடு வருகிறவர்களுக்கு, 'வேண்டாம்' எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டு.

யூபிளாக் போட்டபின் வங்கித் தளமோ அரச விண்ணப்பப் பக்கமோ சரியாகத் திறக்காவிட்டால், நீட்சியைத் திறந்து அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துப் பார். அப்படியும் சரிவராவிட்டால் திரையைப் படம் எடுத்து அனுப்பு. சோதனை முடிந்து லீவு விட்டதும் மல்லாவிக்கு வருகிறேன், மிச்சத்தைக் கடையில் இருந்தே செய்வோம். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி