43 வயதில் ஆசிரியராகப் போகும் மகளுக்கு

அன்புக் கண்ணுக்கு,

நீ அனுப்பிய குறிப்பை இரண்டு முறை படித்தேன். "அடுத்த ஜூனுக்குள் வேலையை விடணும், பி.எட். சேரணும், மேத்ஸ் டீச்சர் ஆகணும்." இதில் முதலாவது கிளம்புகிற தேதி. இரண்டாவது போகிற வழி. மூன்றாவது ஒரு பள்ளி நிர்வாகம் மனசு வைத்துக் கொடுக்க வேண்டிய பதவி. பிள்ளைகளுக்காக உன் கையாலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை எதுவும் இந்த மூன்றிலும் இல்லை. அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. இதே ஆபீசில் நல்ல மேனேஜர் வந்து, ராத்திரி பதினோரு மணி போன் கால்களும் நின்றுபோனால், பள்ளிக்கூட ஆசை மிஞ்சுமா? பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் பார். லீவில் ஆசை வடிந்துவிட்டால் அது அலுப்பு. அதற்கு டீம் மாறினால் போதும், தொழில் மாற வேண்டாம். வடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இலக்கை இப்படி எழுதிப் பார்: "ஆறாவது முதல் எட்டாவது வரை, பின்னத்தில் தடுமாறுகிற பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து, தாண்ட வைப்பேன்." கணக்கில் பிள்ளைகள் கைவிட்டுப் போகிற இடம் பெரும்பாலும் அதுதான். ½ + ⅓ கொடுத்தால் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி ⅖ என்று எழுதும். "தப்பு, எல்.சி.எம். எடு" என்றால் எடுக்கும். அடுத்த மாதம் திரும்பவும் ⅖ எழுதும். 12 சென்டிமீட்டரில் ஓர் அட்டைக் கீற்று வெட்டிக் கையில் கொடு. பாதி 6, மூன்றில் ஒன்று 4, இரண்டையும் ஒட்டி வைத்தால் 10. பன்னிரண்டில் பத்து, அதாவது ⅚. "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறோம், ⅖ பாதியைவிடக் குறைச்சலாயிற்றே, எப்படி?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு. அந்தக் காத்திருப்புதான் இந்த வேலையின் கஷ்டமான பகுதி. பதிலை நாமே சொல்லிவிடத் துடிப்போம்.

இதை வேலையை விடாமலே சோதிக்கலாம். உங்கள் அடுக்ககத்தில் ஐந்து பிள்ளைகள், பன்னிரண்டு சனிக்கிழமைகள், தலா ஒரு மணி நேரம். ஒரு நோட்டில் தேதி, பிள்ளை செய்த தப்பு, நீ செய்து பார்த்தது, இரண்டு வாரம் கழித்து அதே மாதிரிக் கணக்கைத் தானாகப் போட்டதா என்று குறி. ஐந்தில் மூன்று பேர் போட்டால் நல்ல ஆரம்பம். அதைவிட முக்கியம், நாலாவது தடவை அதையே சொல்லிக்கொடுக்கும்போது உனக்கு எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்பது. அதையும் ஒளிக்காமல் எழுது.

வகுப்பறை பிடித்து, திருத்தும் வேலை பிடிக்காமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஒரு பிரிவில் 40 பேர், மூன்று பிரிவு என்றால் 120 நோட்டு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் நாலு மணி நேரம். ஒரு சனிக்கிழமையாவது யாராவது ஆசிரியையிடம் கேட்டு, ஒரு கட்டு நோட்டை வாங்கித் திருத்திப் பார்.

பி.எட். இப்போது இரண்டு வருடம். ஓராண்டுப் படிப்பு திரும்ப வருகிறது என்று பேச்சு இருக்கிறது. அதை நம்பிக் கணக்குப் போடாதே. ஆசிரியர் படிப்புகளுக்கு விதி வகுக்கிற தேசியக் குழுவான என்.சி.டி.இ.யின் விதிப்படி வகுப்புக்கு 80 சதவீத வருகையும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகையும் வேண்டும். பயிற்சி மட்டும் மொத்தம் 20 வாரம். "வரவே வேண்டாம், சர்டிபிகேட் வந்துவிடும்" என்று சொல்கிற கல்லூரிக்குப் பணம் கட்டிவிடாதே, பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும். கல்லூரிக்கு என்.சி.டி.இ. அங்கீகாரமும், ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று நீயே பார். உன் பி.இ.க்கு எந்தப் பாடத்தின் பெடகாஜி, அதாவது கற்பிக்கும் முறைப் பயிற்சி, கொடுப்பார்கள் என்பதைச் சேர்வதற்கு முன் எழுத்தில் வாங்கு. கணக்கு டீச்சர் ஆக நினைத்து வேறு பாடத்தில் முடித்துவிட்டு வந்தால் இண்டர்வியூவிலேயே இடிக்கும்.

படிக்கும்போதே சி-டெட் எனும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளை எழுதிவிடலாம். 150 கேள்வி, தப்புக்கு மார்க் குறைப்பு கிடையாது. 60 கேள்வி கணக்கும் அறிவியலும். அதில் நீ தேறிவிடுவாய். குழந்தை வளர்ச்சி 30 கேள்வி, இரண்டு மொழிக்கும் முப்பது முப்பது. எஞ்சினியர்கள் சறுக்குவது அங்கேதான்.

பணத்தைப் பற்றி மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசு. படிப்பு 24 மாதம், வேலை தேட 6 மாதம், ஆக 30 மாதம். அவர் சம்பளம் போக வீட்டுக்கு மாதம் 30,000 துண்டு விழுந்தால் 9 லட்சம். பி.எட். கட்டணம், பேரனின் பள்ளிக் கட்டணம், வண்டி இன்ஷூரன்ஸ் மாதிரி வருடத்துக்கு ஒருமுறை வருபவை தனி. அவற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பி.எஃப். பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதே, அது அப்படியே கிடக்கட்டும்.

வேலையின் கடைசி நாளைப் பார்த்துக் குறி. கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது கம்பெனி தருகிற பணிக்கொடை, என்பது அதற்காகக் கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளம் பெருக்கல் 15 வகுத்தல் 26 பெருக்கல் வருடம். ஆறு மாதத்துக்கு மேல் போன வருடத்தை முழு வருடமாக எடுப்பார்கள். அந்தச் சம்பளம் 60,000 என்றால் ஒரு வருடத்துக்கு 34,615 ரூபாய். 11 வருடம் 5 மாதத்தில் விலகினால் பதினொன்றுதான். இரண்டு மாதம் தள்ளினால் பன்னிரண்டு.

மருத்துவக் காப்பீடு இதைவிட அவசரம். கம்பெனி பாலிசி கடைசி நாளோடு போய்விடும். உனக்குத் தைராய்டு இருக்கிறது. தனி பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு மூன்று வருடம் வரை போகலாம். அதனால் இந்த மாதமே எடு, தைராய்டை மறைக்காமல் எழுது. உயிருக்கான டேர்ம் இன்ஷூரன்ஸும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே எடுத்துவிடு. அப்பாவும் நானும் உன் கம்பெனி காப்பீட்டில் இருப்பதை ஒரு தடையாக நினைக்காதே. எங்களுக்கு வேறு பார்த்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் எழுதி வை: சேமிப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் பழைய வேலைக்கு விண்ணப்பிப்பாய் என்ற தொகை. மாப்பிள்ளையும் அதில் கையெழுத்துப் போடட்டும். நெருக்கடி வந்தபின் அந்தத் தொகையை முடிவு செய்ய உட்கார்ந்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

பழைய காலண்டர் அட்டைகள் ஏழெட்டு எடுத்து வைத்திருக்கிறேன். 12 சென்டிமீட்டரில் முப்பது கீற்று வெட்டியாயிற்று, பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று எல்லாவற்றுக்கும் கோடு போட வேண்டியதுதான் பாக்கி. தம்பி வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறான், கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா