வக்கீல் கோட்டு தைத்த மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போன மாதம் உன் தங்கை நிச்சயதார்த்தத்தில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நீ ஒன்று சொன்னாய். "காசு இருந்தால் ஜட்ஜையே வாங்கிவிடலாம் மாமா, அப்புறம் எதற்கு இந்தப் படிப்பு?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது. 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு சுமந்தவன், பதில் சொல்லாமல் பாக்கை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று.

நான் பார்த்த வரைக்கும் ஜட்ஜை வாங்குகிற கதை ரொம்பக் குறைவு. இல்லவே இல்லை என்று கற்பூரம் அடிக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலும் அதற்கு அவசியமே வருவதில்லை. தீர்ப்பு என்று ஒன்று வருவதற்கு முன்பே முக்கால்வாசி நடந்து முடிந்துவிடுகிறது.

ஒரு ஆளைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடிசை. பம்புசெட் மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியைத் திருடியதாகக் கேஸ். எங்கள் சீனியர் வக்கீல் காசு வாங்காமல் மனுப் போட்டார், பன்னிரண்டாம் நாளே ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. அதில் வழக்கமான வரிதான்: தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும். ஜாமீன்தாரர் என்றால் சும்மா வந்து நின்றால் போதாது. ரேஷன் கார்டு வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும், வி.ஏ.ஓ. கையெழுத்து வேண்டும். புறம்போக்கில் இருப்பவனுக்கு அண்ணன் இருந்தால் அவனும் பக்கத்துப் புறம்போக்கில்தான் இருப்பான். அவன் எந்த ரசீதைக் கொண்டுவருவது? அவன் பெண்சாதி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரில் ரசீது உள்ள வாசலாகப் பார்த்து ஏறி இறங்கினாள். திருட்டுக் கேஸுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? கோர்ட் வாசலில் ஜாமீன் நிற்பதையே பிழைப்பாக வைத்திருந்த இரண்டு பேர் உண்டு. அவர்கள் கேட்ட தொகை அவளுக்கு ஒரு போக அறுவடைக் கூலி.

ஜாமீன் 'கிடைத்த' பிறகு அவன் நாலு மாதம் உள்ளே இருந்தான். கடைசியில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவார்கள் என்று உள்ளே யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டான், வெளியே வந்தான். கம்பியை எடுத்தானா இல்லையா என்று கடைசி வரை யாரும் விசாரிக்கவில்லை. இதில் எந்த ஜட்ஜும் காசு வாங்கவில்லை, மாப்பிள்ளை. எல்லாம் முறைப்படி நடந்தது.

1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன மோத்திராம் வழக்கை நீ படித்திருப்பாய். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். ஜாமீனில் விடச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டும், கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்கிறார். அண்ணனோ தம்பியோ ஒருவர் முன்வந்தால், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று தள்ளிவிடுகிறார். நீதிபதி கிருஷ்ணய்யருக்கு வந்த கோபம் தீர்ப்பில் அப்படியே இருக்கிறது. ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்கிறார். தலச்சேரியில் சாதாரண ஜனங்களுக்காக வாதாடி வந்த மனுஷன், அவருக்கு இந்த ரசீதுக் கதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மறு வருஷமே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் நிரூபணமானால் எத்தனை வருஷம் கிடைக்குமோ அதைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே பீகார் ஜெயில்களில் கிடந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்தது அதில்தான்.

அதெல்லாம் பழைய காலம் என்பாய். 2022 கடைசிக் கணக்கின்படி நாட்டின் ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302. நாலில் மூன்று பேர், இன்னும் குற்றவாளி என்று யாரும் சொல்லாதவர்கள். இவர்கள் எல்லோருக்கும் ஜாமீன் உத்தரவு இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான், ஏழு நாளில் ஆள் விடுதலை ஆகவில்லை என்றால் ஜெயில் சூப்பிரண்டெண்ட் இலவச சட்ட உதவிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. மோத்திராம் தீர்ப்பு வந்து 45 வருஷம் கழித்து.

சரி, இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். அந்தக் கம்பிக் கேஸ் நடந்த அதே காலத்தில் ஆபீஸில் ஒரு செக் கேஸ் இருந்தது. நம் கட்சிக்காரர் பெரிய இடம். நெல் வாங்கிக்கொண்டு கொடுத்த செக் திரும்பிவிட்டது. நெல்லைக் கொடுத்தவர் சின்ன விவசாயி, அவர்தான் புகார்தாரர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் ஒரு முன்னூற்றுப் பதினேழு எழுதுவேன். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட நம் கட்சிக்காரர், ஆஜராக முடியாததற்கு மன்னிப்புக் கேட்கும் மனு அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவு. புதுச் சட்டத்தில் எண் மாறிவிட்டது, ஆனாலும் குமாஸ்தாக்கள் வாயில் இன்னும் கொஞ்ச காலத்துக்கு அது முன்னூற்றுப் பதினேழுதான். முதுகுவலி, காய்ச்சல், வெளியூர்ப் பயணம், நெருங்கிய உறவினர் மரணம். அவருடைய ஒரே பெரியப்பாவை நான் இரண்டு தடவை கொன்றிருக்கிறேன். விவசாயி ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கோர்ட் டவாலி பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே ஓடி, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு போவார். மூன்றாம் வருஷம் வருவது குறைந்தது. நடவு சமயம் வேறு. ஒருநாள் மூன்று முறை கூப்பிட்டும் அவர் இல்லை, அவருடைய வக்கீலும் இல்லை. புகார்தாரர் வரவில்லை என்று எதிரி விடுதலை. அன்று சாயங்காலம் ஆபீஸில் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் வந்தது. நானும் சாப்பிட்டேன்.

நமக்கு இது ஒரு தாலுகா கோர்ட்டுக் கதை. பெரிய ஊர்களில் இதே கதை பெரிய எழுத்தில் நடக்கிறது. 2002 செப்டம்பரில் பம்பாய் பாந்திராவில் நடைபாதையில் தூங்கியவர்கள் மேல் கார் ஏறி ஒருவர் செத்தார். நடிகர் சல்மான் கானுக்கு 5 வருஷம் என்று செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 2015 மே 6. அன்றைக்கே உயர் நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன். அதே டிசம்பரில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. தீர்ப்பு சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வழக்கின் முக்கியச் சாட்சி, நடிகருக்குப் பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர். புகார் கொடுத்ததும் அவர்தான். அவர் வேலையை இழந்து, சாட்சி சொல்ல வராததற்காகக் கைதாகி, காசநோய் வந்து 2007-லேயே செத்துப் போனார். 13 வருஷம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை, மாப்பிள்ளை.

நம் ஊர் உதாரணம் உனக்கே தெரியும். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு 18 வருஷம் இழுத்தது, நடுவில் பெங்களூருக்கு மாறியது. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி குன்ஹா 4 வருஷம் சிறை, 100 கோடி அபராதம் என்றார். மூன்று வாரத்தில் ஜாமீன். 18 வருஷம் நகராத வண்டிக்குத் திடீரென்று சக்கரம் முளைத்து, எட்டே மாதத்துக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்து விடுதலை ஆனார். அந்தத் தீர்ப்பில் கடன் பட்டியலைக் கூட்டினால் 10.67 கோடி வருகிறது, கீழே போட்டிருந்தது 24.17 கோடி. மளிகைக் கடைப் பையன் கூட இப்படிக் கூட்டினால் முதலாளி காதைத் திருகுவார். பிறகு 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குன்ஹா தீர்ப்பே சரி என்றது. அதற்குள் முதல் குற்றவாளி காலமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் மெதுவாகவும், வேகமாகப் போக வேண்டிய இடத்தில் வேகமாகவும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க முடிகிறதே, அந்த வசதிதான் நான் சொல்வது. நம் கம்பித் திருடனுக்கு இரண்டு பக்கமும் சாவி இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் கடிகாரத்தின் மேலேயே போட்டுவிடவும் மனசு வரவில்லை. ஏனென்றால் கீழ்வெண்மணி இருக்கிறது.

1968 டிசம்பர் 25 ராத்திரி அங்கே 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எல்லோரும் தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் பகை. நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட மிராசுதார்கள் சிலருக்கு நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 10 வருஷம் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை இந்தப் பக்கத்தில் கிழவிகள்கூட ஒப்பிப்பார்கள்: இவர்கள் பெரிய நிலச்சுவான்தார்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, இப்பேர்ப்பட்டவர்கள் வேலையாட்களின் உதவி இல்லாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

நான் அப்போது சின்னப் பையன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கார் வாங்காம போயிட்டோமே" என்று மட்டும் சொன்னார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே வாய்தா வேலை செய்யவில்லை. காசும் கைமாறியிருக்க வேண்டியதில்லை. சொத்துள்ளவன் யோக்கியனாகத்தான் இருப்பான் என்ற நினைப்பு நீதிபதி மேடை மேல் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். வீட்டு வரி ரசீது இருந்தால் நம்பலாம், இல்லாவிட்டால் ஓடிவிடுவான் என்று ஜாமீனில் பார்க்கிறோமே, அதே நினைப்பு. அளவுதான் வேறு.

இதற்கு நேர் எதிராக நீ வாச்சாத்தியைச் சொல்வாய். சொல்லத்தான் வேண்டும். 1992 ஜூனில் சந்தன மரம் தேடுகிறோம் என்று போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் கிராமத்தைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி கோர்ட் 2011-இல் சொன்னது. ஒருவர்கூடத் தப்பவில்லை. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. நீதிபதி வேல்முருகன் தீர்ப்புக்கு முன்னால் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு இதைப் படித்தபோது கண் கலங்கியது, நிஜமாகவே. ஆனால் கணக்கையும் பார்: சம்பவத்திலிருந்து 31 வருஷம். 2011-க்குள்ளேயே 269 பேரில் 54 பேர் செத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் மட்டும் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு வந்தார்கள், ஒரு கட்சியும் ஒரு சங்கமும் கூடவே நின்றன. நம் நெல் விவசாயிக்கு அப்படி நாலு பேர் நின்றிருந்தால் எனக்கு அந்த ஸ்வீட் கிடைத்திருக்காது.

அதனால் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. தையல்காரர் கடையில் பாக்கி நானே கட்டிவிட்டேன். முதல் ஆறு மாதம் சீனியர் உனக்கு வாய்தா கேட்கிற வேலைதான் கொடுப்பார், எல்லோருக்கும் அப்படித்தான். கேள், வேறு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் வேப்பமரத்தடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போ.

அப்புறம், உன் முதல் ஜாமீன் மனு. கூலிக்காரனுக்குப் போடுவதாக இருந்தால், ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையிலேயே விடும்படி ஒரு பத்தி சேர்த்து, மோத்திராம் தீர்ப்பை அடியில் காட்டு. பெஞ்ச் கிளார்க் முகம் சுளிப்பார், பரவாயில்லை. தமிழில் எழுதினால் நகலை எனக்கு அனுப்பு. கண் முன்பு போல இல்லை, கொஞ்சம் பெரிய எழுத்தில் டைப் அடி.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மாமா