சேன்-மாலோவுக்குப் போகும் தங்கை மகளுக்கு

அன்புள்ள கவிதா,

நீண்ட விடுமுறைக்குப் பாரிஸ் போவதா, சேன்-மாலோ போவதா என்று கேட்டிருந்தாய். பாரிஸ் எங்கேயும் ஓடிவிடாது. பிரான்சின் வடமேற்குக் கடலோரத்தில் மதில் சூழ்ந்த ஊரான சேன்-மாலோவுக்கே போ. நீ படிக்கும் ரென் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஸ்டேஷனில் இறங்கினால் கோட்டை மதிலுக்கு நடந்தே போய்விடலாம், டாக்சிக்குக் காசைக் கொட்டாதே. மொரீஷியஸிலிருந்து அந்தப் பக்கம் படிக்கப் போயிருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

ஹோட்டல் போடும் முன், கடல் ஏறி வற்றும் நேர அட்டவணையைப் பார். நம் தீவில் கடல் ஏறினாலும் வற்றினாலும் முழங்கால் அளவு வித்தியாசம்தான், யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே கடல் பெரிதாக ஏறும் நாட்களில் அது 12 மீட்டரைத் தாண்டும். காலையில் மதிலின் மேல் நின்று பார்த்தால் அடியில் கடல் மோதிக்கொண்டிருக்கும். மதியம் அதே இடத்தில் ஈர மணலில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் 20 முதல் 120 வரை ஓர் எண் போட்டிருக்கும். எண் பெரிதாக இருந்தால் கடலின் ஏற்றமும் வற்றமும் பெரிது. 100-ஐத் தாண்டுகிற நாள் உன் விடுமுறையில் விழுந்தால் அதைத் தவறவிடாதே. அன்று கடல் ஏறும் நேரத்தில் சில்யோன் கடற்கரைச் சாலைக்குப் போ. அலையின் வேகத்தை உடைக்க அங்கே கருவாலி மரக் கம்பங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். அடியில் சிப்பி ஒட்டி, உச்சி தேய்ந்து, ஒன்று போல ஒன்று இல்லாமல் நிற்கும். காற்றும் சேர்ந்துகொண்டால் அலை அவற்றைத் தாண்டி, சாலையையும் தாண்டி, வீட்டு ஜன்னல் வரை தெறிக்கும். தள்ளி நின்று பார்.

கடல் வற்றியதும் பொன்-செகூர் கடற்கரையிலிருந்து கிரான் பே தீவுக்குக் கல் பாதை தெரியும். அங்கேதான் எழுத்தாளர் ஷதோபிரியான் 1848-இல் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் பெயர்கூட இல்லை, கடலைப் பார்த்து ஒரு சிலுவை மட்டும். கடலையும் காற்றையும் மட்டும் கேட்டுக்கொண்டு கிடக்க விரும்பிய எழுத்தாளர் ஒருவர் இங்கே இருக்கிறார், அவர் விருப்பத்தை மதியுங்கள் என்று பக்கத்தில் ஒரு பலகை சொல்லும். இந்தத் தனிமைக் கவிஞரின் அப்பா அடிமை வியாபாரத்திலும் பணம் பார்த்த கப்பல் முதலாளி. அந்த ஊரில் பணம் எந்த வழியாக வந்தது என்று கேட்டால் பல இடங்களில் இந்தப் பதில்தான் வரும். சரி, முக்கியமான விஷயம்: திரும்பும்போது பாதையில் தண்ணீர் ஏறியிருந்தால் இறங்காதே. ஃபோட்டோ எடுத்துக்கொண்டே நேரத்தை விட்டவர்கள் மறுபடி கடல் வற்றும் வரை பல மணி நேரம் தீவிலேயே உட்கார வேண்டியதுதான். தண்ணீரில் இறங்கி வீரம் காட்டினால் உயிருக்கே ஆபத்து.

அதே கடற்கரையில் ஒரு கடல்நீர்க் குளம் உண்டு, 1930களில் கட்டியது. கடல் போன பிறகும் குளத்தில் தண்ணீர் நிற்கும். குதிப்பதற்கு மேடையும் இருக்கிறது. நம் ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் கடலில் நீந்தி வளர்ந்த உனக்கு ஆகஸ்டிலும் பல் கிடுகிடுக்கும், சொல்லிவிட்டேன்.

மதில் மேல் ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், காசு கிடையாது. ஒலாந்து கொத்தளத்தில் கொஞ்சம் நில். அங்கேதான் ஊரின் காவல் நாய்களை அடைத்துவைத்திருந்தார்கள். கடல் வற்றினால் கப்பல்கள் மணலில் கிடக்கும், திருடனுக்குக் கொண்டாட்டம். அதனால் இரவில் பெரிய நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். 1770-இல் ஓர் அதிகாரியை அவை கடித்துக் கொன்றுவிட, வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள்.

இனி நம் சொந்தக் கதைக்கு வருகிறேன். போர்ட் லூயிஸில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் லாபூர்தொன்னே சிலையைக் கடந்து எத்தனை முறை பஸ்ஸுக்கு ஓடியிருப்பாய்! அவர் 1699-இல் சேன்-மாலோவில் பிறந்தவர். 1735-இல் நம் தீவுக்கு ஆளுநராக வந்து துறைமுகமும் ஆஸ்பத்திரியும் கட்டினார் என்று பள்ளியில் படித்தோம். கல் சுமந்தவர்களைப் பற்றி அந்தப் பாடத்தில் அவ்வளவாக இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள் சுமந்தார்கள். அவர்களோடு புதுச்சேரியிலிருந்து கப்பலேறி வந்த நம் கொத்தனார்களும் தச்சர்களும் வேலை செய்தார்கள். போர்ட் லூயிஸின் கிழக்கு ஓரத்துக்குக் 'கான் தே மலபார்', அதாவது மலபார்காரர் முகாம், என்று பெயர் விழுந்தது நம்மவர்களை வைத்துத்தான்; நம்மை அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். கரும்பு வெட்ட வந்த கூலிகளுக்கு நூறு வருஷம் முந்திய கதை இது.

1746-இல் இதே மனிதர் இங்கிருந்து கப்பல்களைத் திரட்டிக்கொண்டு போய்ச் சென்னைப் பட்டினத்தைப் பிடித்தார். பிடித்த ஊரை என்ன செய்வது என்பதில் அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் தூப்ளேக்கும் மூண்ட சண்டையை, அங்கே துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழிலேயே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கடைசியில் லாபூர்தொன்னே பாரிஸில் பஸ்தீல் சிறைக்குப் போனார்.

அவர் ஒருவர்தான் என்று நினைக்காதே. 1715-இல் நம் தீவைப் பிரான்சுக்கு என்று எடுத்துக்கொண்ட கப்பல் தலைவர் தியுஃப்ரேன் தார்செலும் அந்த ஊர்க்காரர்தான். மதிலுக்குள் அஸ்ஃபெல்ட் மாளிகை என்று 1725-இல் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது, வழிகாட்டியோடு உள்ளே பார்க்கலாம். கட்டியவர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர், மாகோன் குடும்பத்துக்காரர். அதே குடும்பத்து ரெனே மாகோன் பிறகு நமக்கு ஆளுநரானார். பாம்பிள்மூஸ் பக்கம் வில்பாக் என்று ஊர் இருக்கிறதே, அவருடைய முழுப்பெயரிலும் அதே வில்பாக் உண்டு. மதில் பக்கம் கடலை நோக்கிக் கை நீட்டி நிற்கும் கொள்ளைக் கப்பல் தலைவர் சுர்கூஃபின் சிலையையும் பார்த்துக்கொள். 1800-இல் வங்காள விரிகுடாவில் 'கென்ட்' என்ற பெரிய ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்து போர்ட் லூயிஸுக்குத்தான் ஓட்டிவந்தார். அவர் அடிமை வியாபாரமும் செய்தவர். இதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதே.

அந்த ஊரே போலி, எல்லாம் புதுசாகக் கட்டியது என்று உன் சிநேகிதர்கள் யாராவது சொல்லலாம். பாதி உண்மை. 1944 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சிலும் தீயிலும் மதிலுக்குள் இருந்த வீடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. மதில் தப்பித்தது. பிறகு அதே கருங்கல்லில், பழைய சாயலில், உயரம் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள். தேவாலயக் கோபுரத்தின் கூர் 1970களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. புது வீடுகளின் ஜன்னல் வரிசை கொஞ்சம் அதிக ஒழுங்காக இருக்கும், உற்றுப் பார்த்தால் பிடித்துவிடலாம். எனக்கு அது போலியாகத் தெரியவில்லை. போர்ட் லூயிஸில் பழைய மரவீடுகளை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்புகிற நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

சாப்பாட்டுக்குக் கலெத் கேள். கறுப்புக் கோதுமை என்று அவர்கள் சொல்லும் தானிய மாவில், நம் தோசை போலவே கல்லில் தேய்த்து ஊற்றுவார்கள், ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். 'கொம்ப்ளெத்' என்றால் முட்டை, சீஸ், பன்றி இறைச்சி. விரதத்தில் இருந்தால் இறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. வாசல் பக்கத்துக் கடைகளை விட்டு உள் தெருக்களுக்குப் போனால் கூட்டம் குறையும்.

இரண்டாம் நாள் பக்கத்துக் கடலோர ஊரான கான்கால் போய்க் கரையிலேயே சிப்பி வாங்கித் தின்னலாம். பொறியியல் படிக்கிறவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: பக்கத்தில் ரான்ஸ் ஆற்று முகத்தில், கடல் ஏறி வற்றுவதிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 1966 முதல் ஓடுகிறது, 240 மெகாவாட். இரண்டுக்கும் நேரம் இல்லையென்றால் நான் ரான்ஸுக்கே ஓட்டுப் போடுவேன். உன் அம்மா சிப்பிக்குப் போடுவாள்.

அன்புடன்,
மாமா